நோயில்லாத மாட்டைப் பார்க்கப் போனது

எங்கள் துறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் சங்கத்தின் சார்பில் ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டுமாம். நான் கடைசியாக இருந்த கால்நடை மருந்தகத்தில் எனக்குப் பின் வந்த சுமித்ராதான் போன் செய்தாள். "சார், மறக்க முடியாத கேஸ் ஏதாவது எழுதுங்க. ரெண்டு தலைக் கன்னுக்குட்டி மாதிரி" என்றாள். இரண்டு தலைக் கன்று ஒன்றை நான் பார்த்ததும் உண்டு. பிறந்தது, ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது நோயே இல்லாத ஒரு மாடு. அதைப் பார்க்கப் போன ஒரு பகலைத்தான் எழுதப் போகிறேன்.

நான் பாலக்காட்டுப் பக்கத்துப் புதுநகரத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அத்தாவுக்கு மளிகைக் கடை. கடையில் உட்கார்ந்து மிளகாய் எடை போட வேண்டியவன் மாட்டு வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு திரிகிறானே என்று அவர் கடைசிவரை குறைப்பட்டார். நான் டாக்டர் இல்லை, லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர். டாக்டருக்குக் கீழே நின்று தடுப்பூசி போடுவதும், சினை ஊசி போடுவதும், சினை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. ஊர்க்காரர்கள் எங்களையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். பயிற்சிக் காலத்தில் கற்றது மூன்று விஷயம். ஊசியை எங்கே குத்துவது, எங்கே குத்தக் கூடாது, உதை எவ்வளவு தூரம் எட்டும். முதல் இரண்டையும் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவதை மாடுகள் சொல்லிக் கொடுத்தன.

முதல் வேலை கேரள மலைப்பக்கத்துக் காந்தலூரில். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி வந்து தொழுவத்துக்குள் புகுந்துவிடும். மாடு எங்கே நிற்கிறது என்பதே மூச்சுச் சத்தத்தில்தான் தெரியும். எங்கும் பூண்டு காயும் வாசனை. இன்றைக்கும் அரைத்தூக்கத்தில் எனக்கு வருவது அந்த ஊர்தான். வந்தது ஊரா மேகமா என்று தெரிவதற்குள் விழிப்பு வந்துவிடும்.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் சூசம்மா. கோட்டயம் பக்கத்துக்காரர். ரப்பர் பூட்ஸும் இடுப்பில் செருகிய முந்தானையுமாக வருவார். தொழுவத்துக்குள் போனதும் மாட்டைத் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக் கேள்விகளை ஆரம்பிப்பார். எப்போதிலிருந்து? கடைசியாக எப்போது அசை போட்டது? சாணம் இறுகலா, தண்ணியா? முன்னால் இப்படி வந்ததுண்டா? ஒன்றுக்குப் பதில் வராமல் அடுத்ததற்குப் போக மாட்டார். பதில் வராவிட்டால் கோபிக்கவும் மாட்டார், எடுத்துக் கொடுக்கவும் மாட்டார். சும்மா நிற்பார். எங்களைப் போன்றவர்களால் அந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "குளிர் அதிகம்ல, அதனால இருக்கும்" என்று நாங்களே பதிலையும் சொல்லிவிடுவோம். அவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அதோடு வாய் மூடிக்கொள்ளும்.

ஒருநாள் சுப்பையா என்ற உருளைக்கிழங்கு விவசாயி கூப்பிட்டிருந்தார். அவருடைய பசுவுக்கு வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. கத்துகிற குரல் கரகரத்துக் கிடந்தது. "தொண்டையில கெழங்கு சிக்கியிருக்கும்மா" என்றார் சுப்பையா. பக்கத்து வீட்டுக்காரர்களும் கிழங்கு என்றார்கள். நானும் கிழங்கு என்றுதான் சொன்னேன். அங்கே நின்ற எல்லோருக்கும் மனதில் இருந்தது வேறு. வெறிநாய் விஷயத்தைத் தொழுவத்தில் வைத்துப் பேசக் கூடாது, பேசினால் மற்ற மாட்டுக்கும் வந்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. டாக்டர் மாட்டைச் சுற்றி நடந்தார். நின்றார்.

"நாய் கடிச்சதோ சுப்பையா?"

சுப்பையா மாட்டின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"இது வெறியாக்கும்னு எனக்குத் தோணுது. வாயில யாரு கை விட்டுப் பார்த்தது?"

நான் பதறிப்போய், "டாக்டர், இப்படி நேரடியா..." என்று இழுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, "பேரு சொன்னா சூக்கேடு வருமோ? சொல்லாட்டி போகுமோ?" என்றார். அவர் மலையாளத்தில் சூக்கேடு என்றால் நோய். பிறகு பழையபடி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது. 

சுப்பையா தரையில் குந்தி உட்கார்ந்தார். "எம் மகதாம்மா. சின்னவ. கெழங்க எடுத்துவிடுறேன்னு கைய விட்டுட்டா. கையில சிராய்ப்பு வேற இருந்துச்சு. ரெண்டு நாளா நெஞ்சுல கல்லு கணக்கா கெடக்கும்மா, யாருகிட்டயும் சொல்லல" என்று அழுதார்.

அடுத்த ஜீப்பிலேயே அந்தப் பெண்ணை ஊசிக்கு அனுப்பினார் டாக்டர். கையை விட்டவர்கள், பச்சைப் பால் குடித்தவர்கள் என்று எல்லோரும் பின்னாலேயே போனார்கள். மாடு பிழைக்கவில்லை. பெண் பிழைத்தாள், இப்போது உடுமலைப்பேட்டைப் பக்கம் டீச்சராக இருக்கிறாள். கேட்பதற்கு முன் சுப்பையாவின் முகத்தில் ஒரு பயம் இருந்தது. சொன்ன பிறகும் பயம்தான், ஆனால் அது அவர் தனியாகச் சுமக்கிற பயமாக இல்லை. இதை அன்றைக்கே புரிந்துகொண்டேன் என்று பெருமை பேச மாட்டேன். டாக்டர் கொஞ்சம் முரட்டுத்தனமானவர் என்றுதான் அன்று ஜீப்பில் வரும்போது நினைத்தேன்.

பிறகு மாற்றலாகிப் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துக்கு வந்தேன். கொழிஞ்சாம்பாறையையும் தாண்டி, எது கேரளம் எது கோயமுத்தூர் என்று மாட்டுக்கும் தெரியாது, மாட்டுக்காரருக்கும் தெரியாது என்கிற இடம். பனைமரமும் காற்றும்தான். ஆடியில் அந்தக் காற்று மலைகளுக்கு நடுவிலிருந்து கிளம்பி வந்தால் நாள் முழுக்க ஓயாது. தூங்கும்போதும் கேட்கும், பேசும்போதும் கேட்கும். கொஞ்ச நாளில் அது காற்று என்பதே மறந்துவிடும்.

அங்கே பால் சொசைட்டியில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தற்கொலை என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் முழுக்க நெஞ்சுவலி என்றது. இரக்கத்தில்தான் அப்படிச் சொன்னார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நெஞ்சுவலி என்று சொன்ன பிறகு அவரைப் பற்றி வேறு எதையும் பேச முடியாமல் போயிற்று. பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்ற பயம். அவர் மனைவி பால் கொண்டுவந்தால் வரிசையே அமைதியாகிவிடும். ஒருநாள் கன்றுக்குக் குடற்புழு மருந்து கொடுக்க நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, "அவரப் பத்தி எதாச்சும் பேசுங்க டாக்டருங்க. அவரு பேர ஆராச்சும் சொல்லிக் கேட்டே நாளாச்சுங்க" என்றார். அவர் கணவர் அளக்கும்போது நுரை அடங்கக் காத்திருந்து ஊற்றுவார், ஒரு சொட்டு யாருக்கும் குறையாது என்று சொன்னேன். 

இனி நோயில்லாத மாடு. வேலுச்சாமி அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரப் போட்டே எழுதுங்க ராவுத்தரே, பேர மறைச்சு மறைச்சுத்தானுங்க இத்தன பேரு போனது" என்றார்.

அவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சொந்தமாகத் தென்னந்தோப்பும் இரண்டு மூன்று கறவை மாடும் உண்டு. மாடு என்றால் உயிர். நான் ஊசியை எடுத்தாலே, "மெதுவாங்க, மெதுவாங்க" என்று தனக்கே வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஆடி மாதத்தில் ஒரு மதியம் அவர் மனைவி தனம் அக்கா போன் செய்தார்.

"செவல தீனியே எடுக்க மாட்டேங்குதுங்க டாக்டருங்க. ஒருக்கா வந்துட்டுப் போங்க."

மாட்டுக்கு ஏதாவது என்றால் அண்ணன்தான் கூப்பிடுவார், அக்கா கூப்பிட்டதே இல்லை. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பையை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பகலை நான் முழுதாக விழித்திருந்து பார்த்த மாதிரி இன்றும் தோன்றுவதில்லை. எதிர்க்காற்றில் வண்டி நகர மாட்டேன் என்றது. பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. வழியில் ஓர் ஆள் இல்லை.

செவலைப் பசு தொழுவத்தில் நின்று நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. தீனி எடுக்காத மாடு அசை போடாது. சரி, பார்ப்போம் என்று டாக்டர் சூசம்மா மாதிரி ஒரு சுற்று நடந்தேன். மூக்கில் ஈரம் முத்து முத்தாக நின்றது. காது வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணின் கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் நல்ல ரோஜா நிறம். தெர்மாமீட்டரை வைத்து நூலை வால் மயிரில் முடிந்துவிட்டுக் காத்திருந்தேன். காய்ச்சல் இல்லை. முதுகுத் தோலைக் கிள்ளினேன். வயிற்றுக்குள் கம்பி, ஆணி ஏதாவது குத்திக்கொண்டிருந்தால் மாடு முதுகை வளைக்காமல் விறைத்து நிற்கும். இது அழகாக வளைத்துக் கொடுத்தது.

"எப்பிருந்துங்க அக்கா?"

"ரொம்ப நாளாச்சுங்க. சோத்த... தீனிய வெச்சா மோந்துட்டு விட்டுருது. ராத்திரில படுக்கறதே இல்லீங்க. ஆரு கூப்புட்டாலும் திரும்பிப் பாக்கறதில்லைங்க."

அவர் குரல் கேட்டதும் பசு திரும்பி அவர் முந்தானையைக் கவ்வி இழுத்தது. முட்டியிலும் அடிவயிற்றிலும் படுத்து எழுந்த சாணக்கறை காயாமல் இருந்தது. தொட்டியில் ஒரு சோளத்தட்டுத் துணுக்கு மிச்சமில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனம் அக்கா நன்றாகக் கறக்கத் தெரிந்தவர், நன்றாக மாடு பார்க்கத் தெரிந்தவர். அவருக்கா இது தெரியாது?

வேலுச்சாமி அண்ணன் வெளியே வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக நான் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வாசலுக்கு வந்துவிடுகிற மனிதர். இன்று எழுந்திருக்கவே இல்லை. மாட்டைப் பிடிக்கக் கூப்பிட்டேன், வந்தார். பிடித்தார். சவரம் செய்து எத்தனை நாளாயிற்றோ. சட்டை அவர் மேல் இல்லை, அவர்தான் சட்டைக்குள் எங்கேயோ இருந்தார். சினை ஊசி போட்டுச் சில மாதம் ஆகியிருந்ததால், வந்ததற்கு அதையாவது பார்த்துவிடுவோம் என்று கையுறையை மாட்டிக்கொண்டு பார்த்தேன். சினை பிடித்திருந்தது.

"அண்ணா, செவல சினைங்க. உறுதி."

இதைச் சொன்னதும் எந்த வீட்டிலும் வருகிற முதல் கேள்வி ஒன்றுதான்: எப்பங்க ஈனும்? கிழவர்கள் கேட்பார்கள், அடுப்படியிலிருந்து பெண்கள் கேட்பார்கள், சொன்ன மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பொங்கலுக்கு முன்னா பின்னா என்று அங்கேயே வாக்குவாதம் செய்வார்கள். நான் மாதத்தை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"நல்லதுங்க" என்றார். "ஈனறப்பத் தனம் பாத்துக்குவா."

 தனம் அக்காவைப் பார்த்தேன். அவர் மாட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். தீனி எடுக்காதது யார், தூங்காதது யார், கூப்பிட்டால் திரும்பாதது யார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆம்பிளைக்கு மனசு சரியில்லை என்று அந்த ஊரில் யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் ஊர் என்ன பேசும்? மாட்டுக்கு என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்குள் கூசாமல் கூப்பிட முடிந்த ஒரே ஆளை அவர் கூப்பிட்டுவிட்டார்.

ஒரு சத்துமாவுப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று கை பைக்குள் போனது உண்மை. கேட்டு வைத்து, இல்லாத நினைப்பை நானே எடுத்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டால்? நான் மாட்டு வாலைப் பிடிக்கிறவன், எனக்கு என்ன தெரியும்? பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடேதான், "இன்னொருக்காக் கழுத்தப் புடிங்கண்ணா" என்றேன். பசுவின் இடது விலாவுக்குப் பின்னால் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தேன். உள்ளே இரைப்பை புரளுவதைக் கையில் உணர வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வேண்டும். அவர் கழுத்துப் பக்கம், நான் விலாப் பக்கம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"அண்ணா, மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களத்தான் கேக்கறனுங்க. சோறு எறங்குதுங்களா?"

"இல்லீங்க."

"தூக்கம்?"

"வர்றதில்லீங்க."

"செத்துரலாம்னு நெனப்பு வருதுங்களாண்ணா?"

சொல்லிவிட்டேன். காற்று கூரை ஓலையைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. என் முஷ்டிக்குக் கீழே இரைப்பை மெல்லப் புரண்டு அடங்கியது.  'அப்படியெல்லாம் இருக்காது, சும்மா கேட்டேன்' என்று சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு முறை புரண்டது. இன்னொரு முறை.

"வருதுங்க" என்றார்.

அந்தக் குரலில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவர் சுமையை இறக்கும்போது விடுகிற மூச்சு மாதிரிதான் இருந்தது.

"எப்பிருந்துங்க?"

"மாசிக் கடைசில இருந்துங்க. என்ன காரணம்னு கேக்காதீங்க ராவுத்தரே, எனக்கே தெரியலீங்க. கவல, வெசனம்னும் சொல்ல முடியாதுங்க. காத்து அடிக்கறது கேக்குது, மாடு கத்தறது கேக்குது, தனம் பேசறது கேக்குது. எல்லாமே பக்கத்து ஊட்டுல நடக்கற மாதிரி இருக்குதுங்க. நா இல்லாட்டி இவங்களுக்கு நல்லதுன்னு தோணிட்டே இருக்குதுங்க."

தென்னைக்கு வந்த நோய், வெளிநாட்டில் இருக்கிற மகன் போன் செய்யாதது, கூடப்பிறந்தவர் இறந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "இதனாலயும் இல்லீங்க" என்றார். நான் புத்தி சொல்லவில்லை. உங்களுக்கு என்ன குறைச்சல் என்று கேட்கவில்லை. பாவம் புண்ணியம் பேசவில்லை. எனக்கு அவ்வளவு விவரம் இருந்து அப்படிச் செய்யவில்லை, என்ன சொல்வது என்று தெரியாததால் சும்மா நின்றேன். எப்படி என்பதையும் யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். யோசித்திருந்தார். அதை நான் இங்கே எழுத மாட்டேன், அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டோம் என்பது மட்டும் போதும்.

"அக்காகிட்ட இத நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுங்களா?"

"நீங்களே கூப்புடுங்க."

தனம் அக்கா வந்து நின்றார். அண்ணனே சொன்னார், இரண்டு வார்த்தையில். அக்கா அப்படியே தொழுவத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தெரியுமுங்க" என்றார், என்னைப் பார்த்து அல்ல, புருஷனைப் பார்த்து. "எனக்குத் தெரியுமுங்க. கேக்கத்தானுங்க பயம். கேட்டுட்டா நெசமாயிருமோன்னு." அவர் குனிந்து மனைவியின் தலையில் கை வைத்தார். பிறகு இருவரும் அழுதார்கள். நானும் அழுதேன், முகத்தைப் பசுவின் பக்கம் திருப்பிக்கொண்டு. அது யாரையும் கண்டுகொள்ளாமல் மென்றுகொண்டிருந்தது.

அன்றே மூவருமாகத் தாலுகா ஆசுபத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் முகம் சுளிக்காமல் கேட்டார், மனநல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். அதுவரை அண்ணனைத் தனியாக விட வேண்டாம் என்றார். மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் எழுந்து ஆடிப்பாடினார் என்று எழுத ஆசைதான், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பல நாள் கட்டிலிலேயே கிடந்தார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நுழைந்து பார்ப்பேன். சில நாள் பேசுவார், சில நாள் பேச மாட்டார். ஒருநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் என் ஊசியைப் பார்த்து, "மெதுவாங்க" என்றார். எனக்கு அங்கேயே நின்று ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்தது. அடுத்த வருஷம் மறுபடியும் அந்த இருட்டு வந்தது. இந்த முறை அவரே தனத்திடம் சொன்னார், அவரே ஆசுபத்திரிக்கும் போனார்.

ஊர் சும்மா இருக்குமா? "வேலுச்சாமி மாட்டு டாக்டர்கிட்ட வைத்தியம் பாக்கறானாமா" என்று சொசைட்டி வரிசையில் ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். "ஆமாங்க, கொம்பு மொளைக்குதான்னு பாத்தாருங்க, இன்னும் இல்லைன்னுட்டாரு" என்று இவர் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, "கிண்டலுக்குச் சொல்லலீங்க. எனக்குச் சாகற நெனப்பு வந்துச்சு. கேட்டாங்க, சொன்னேன், மாத்திர திங்கறேன்" என்று அந்த வரிசையிலேயே சொன்னார். வரிசை அப்படியே நகர்ந்தது. ஆனால் அவர் கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது ஒருவர் பின்னாலேயே வந்து, தென்னை மறைவில் நிறுத்தி, எந்த டாக்டர், எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டாராம். நெஞ்சுவலி என்று சொல்லப்பட்டவரின் மனைவியும் அன்று வரிசையில் இருந்தார். மறுநாள் அவர் தன் கணவர் பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தார் என்று தனம் அக்கா சொன்னார்.

நான் ஓய்வுபெற்றுச் சில காலம் ஆகிறது. போன வருஷம் என் மனைவி நூர்ஜஹான் போய்விட்டாள். மகள்கள் இருவரும் வெளியூரில். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. யார் வந்தாலும் தைரியமாக இருக்க வேண்டும் என்றார்கள், அல்லாஹ் பொறுமையைத் தருவான் என்றார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். எல்லோருக்கும் தைரியம் சொல்கிற ஆள் என்று எனக்கு ஒரு பெயர் வேறு. அந்தப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு மதியம் வேலுச்சாமி அண்ணன் பஸ் ஏறி வந்தார். எதிரே உட்கார்ந்தார். மாட்டைப் பற்றிப் பேசினேன், மழையைப் பற்றிப் பேசினேன், சுமித்ரா நன்றாக ஊசி போடுகிறாளா என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராவுத்தரே, செத்துரலாம்னு நெனப்பு ஏதாச்சும் வருதுங்களா உங்களுக்கு?"

வேலை பார்த்த இத்தனை காலத்தில் நான் எத்தனையோ பேரை எத்தனையோ கேட்டிருக்கிறேன். என்னை ஒருவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. யாரோ வந்து கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"சாகணும்னு இல்லீங்கண்ணா" என்றேன். "ஆனா விடிஞ்சா ஏன் விடியுதுன்னு இருக்குது. பாங்கு கேக்குது, எந்திரிக்க மனசு வர்றதில்லை. ராத்திரி படுக்கறப்ப, காலைல முழிக்காமயே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. இத எம் புள்ளைங்ககிட்டச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல."  அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பேசினேன். நூர்ஜஹானின் கடைசி நாட்களை, ஆசுபத்திரி வராந்தாவை, அவள் கேட்டு நான் வாங்கித் தராமல் போன சின்னச் சின்ன சாமான்களை எல்லாம். வெயில் ஜன்னலில் இருந்து சுவருக்கு ஏறி, மஞ்சளாகி, மங்கிப்போயிற்று. மாலைக் கறவை நேரம் வந்து கடந்தும் போயிற்று. மாட்டுக்காரர் ஒருவர் அந்த நேரத்தில் வேறு ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. இப்போதிருக்கும் பசு வேறு, தனம் அக்கா தொட்டாலும் விடாது, அவர் கைக்குத்தான் பால் விடும். எனக்கே பதற்றமாகி, "அண்ணா, கறவை..." என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. போன் அடித்தது. தனம் அக்கா. பின்னால் பசு கத்துவது எனக்கே கேட்டது.

"கத்துனா கத்தட்டும் தனம்" என்றார் அவர். "ராவுத்தர் இன்னும் சொல்லி முடிக்கல."